மீன் நின்ற தண்ணீர்

தெளிந்த தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். கலங்கிய தண்ணீருக்கு இவ்வளவு பயமில்லை. அது தன் குணத்தை ஒளிக்காது. என் கணவர் சிரிப்பார், "உனக்கு விசர்" என்பார். சிரிக்கட்டும். அந்த ஐப்பசியில் அவர் கட்டாரில் இருந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு துரவங்கரையில் நின்று நடுங்கியவள் நான்.

துரவு என்றால் கட்டு இல்லாமல், மண்ணைச் சரிவாக வெட்டி இறக்கிய சின்னக் குளம். வாளியோடு கரையில் இறங்கித் தண்ணீர் மொள்ளலாம். மன்னார்த் தீவில் இதற்குப் பெரிய பாடு இல்லை, மணலைக் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் எங்கள் ஊர். அம்மா வீட்டு வளவின் பின்பக்கத்தில், தென்னைகளுக்கு நடுவில் துரவு. குடிக்கிற கிணறு குசினிக்குப் பக்கத்தில். மழை பெய்தால் இரண்டிலும் தண்ணீர் ஒன்றாக ஏறும், வெயிலில் ஒன்றாக இறங்கும்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். வந்த முதல் நாளே தவளைகளோடு சண்டை. பின்னேரமானால் தொடங்கும் கச்சேரி. "கோதாரி விழுந்த தவளையள், வாயை மூடுங்கோடி!" என்று யன்னலால் கத்துவேன். அவை இன்னும் உரத்துக் கத்தும். பகலில் தும்பி, மீன்கொத்தி, கரையில் ஒற்றைக்காலில் தவம் செய்கிற கொக்கு. ஊரில் திரிகிற கழுதைகள் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, நன்றிக்கடனாகக் கொஞ்சம் போட்டுவிட்டும் போகும். எங்கள் ஆட்டுக் கொட்டிலும் அந்தப் பக்கம்தான்.

துரவுக்குள் கெண்டை மீன்கள் இருந்தன. அவை அழகுக்கு விட்ட மீன்கள் இல்லை. அவைதான் எங்கள் வீட்டுக் காவல்காரர்.

சண்டைக்காலத்தில் நாங்கள் ஊரைவிட்டு ஓடியவர்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, கிணறு மட்டும் இருந்தது. ஆளில்லாமல் கிடந்த கிணறுகளுக்குள் யார் எதைப் போட்டிருப்பார்களோ என்று சனம் வாய் வைக்கப் பயந்தது. அப்பா பெரியமடுவுக்குப் போய் ஒரு வாளியில் கெண்டைக்குஞ்சு கொண்டுவந்து கிணற்றுக்குள் விட்டார். அவை செத்து மிதக்கவில்லை, நீந்தித் திரிந்தன. அதற்குப் பிறகுதான் எங்களைக் குடிக்க விட்டார். பிறகு வாளியோடு மீனும் வருகிறதென்று அம்மா முகம் சுளிக்க, மீன்களைத் துரவுக்கு மாற்றினார். "இரண்டும் ஒரே தண்ணிதானே. அங்க மீன் நிண்டால் இஞ்ச பிழையில்லை" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அப்பா பல் விளக்கிக்கொண்டு துரவடிக்குப் போவார். அங்கிருந்து குசினிக்குக் கேட்கக் குரல் கொடுப்பார்: "மீன் நிக்குது!" அதன் பிறகுதான் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பார். எங்கள் வீட்டில் விடிகிறது அப்படித்தான். வீதியால் குழாய்த் தண்ணீர் வந்தபோதும் அப்பா இணைப்பு எடுக்கவில்லை. "சொந்தக் கிணறு இருக்க, ஆரோ மருந்தடிச்சு விடுற தண்ணியை நான் ஏன் குடிக்க வேணும்?" என்று பெருமை பேசினார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஊர் திரும்பிய அடுத்த வருடம் பிறந்தவன். அம்மாவுக்குப் பால் வற்றிப்போனதால் பால்மா கரைத்துத்தான் கொடுத்தார். கழுத்து நிற்குமுன்னமே அவனுக்கு உதடும் நகமும் நீலமாகத் தொடங்கியது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், அம்மாவின் மடியிலேயே போய்விட்டான். இதயத்தில் கோளாறாக இருக்கும் என்றார்கள். அந்த நாளில் அதற்குமேல் யார் பார்த்தார்கள்?

ஆனால் அம்மாவின் மனதுக்குள் ஒன்று இருந்து அரித்தது. தண்ணீரை இன்னும் கொஞ்சம் கொதிக்க வைத்திருக்கலாமோ? அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேத்தில் பாதி வற்றும்வரை கொதிக்கும். கல்லறைத் திருநாள் வந்தால் அம்மா ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போவார். பக்கத்தில் குழாய் இருந்தாலும் அதைத் தொடமாட்டார். "அவன் குடிச்ச தண்ணி இதுதானே" என்று சொல்லி, தம்பியின் சின்னக் கல்லறையை அந்தத் தண்ணீரால் கழுவுவார்.

ஆக, அந்த வீட்டில் பிள்ளை வயிற்றோடு இருப்பது லேசான காரியமில்லை. நான் தும்மினாலும் அம்மாவின் கை ஜெபமாலையைத் தேடும். என் வாய் பெரிய வாய்தான், ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம். தம்பியின் நகங்கள் எனக்கு ஞாபகம் இருந்தன.

ஐப்பசி மழை அந்த முறை மாதம் பிறந்ததுமே வந்தது. வந்ததும் கொட்டித் தீர்த்தது. வளவில் காய்ந்து கிடந்த சருகு, ஆட்டுப் புழுக்கை, கழுதைச் சாணம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் துரவுக்குள் சேர்த்தது. பிறகு மழை விட்டும் வானம் திறக்கவில்லை.

அப்படி இருண்ட ஒரு காலையில் எனக்குத் தாகம் பொறுக்கவில்லை. குசினிக் குடத்தில் செம்பை விட்டு மடக்கு மடக்கென்று குடித்தேன். குடித்து வாயைத் துடைத்த பிறகுதான் உறைத்தது, அப்பாவின் குரல் இன்னும் வரவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். அப்பா துரவங்கரையில் குந்தியிருந்தார். பல் விளக்கும் பிரஷ் வாய்க்குள்ளேயே இருந்தது.

"என்னப்பா?"

"கிட்ட வராத பிள்ளை. அங்கால போ."

நான் எப்போது சொல்கேட்டிருக்கிறேன்? போனேன். துரவு முழுக்க வெள்ளை வயிறுகள். சின்னது, பெரியது எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் தண்ணீருக்கு மேலே வாயை வைத்து ஆவென்று திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"நான் தண்ணி குடிச்சிட்டன் அப்பா."

அப்பா திரும்பிப் பார்த்தார். கடலில் காற்றோடும் மழையோடும் மல்லுக்கட்டின மனிதர். சண்டைக்குள்ளும் அவர் கலங்கி நான் கண்டதில்லை. அன்று அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன்.

"ஐயோ மாதாவே! பிள்ளைத்தாச்சி குடிச்சிட்டாளே!" அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தார். நான் எடுத்தேன். குடித்தது வந்ததா, முதல்நாள் சாப்பிட்டது வந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா வீட்டுக்குள் போய், மாதா சுருவத்தின் காலடியில் சிமிழில் வைத்திருந்த மடு மண்ணை எடுத்துவந்தார். மடு மாதா கோவில் மண் நஞ்சை முறிக்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஒரு நுள்ளு கிணற்றுக்கு, ஒரு நுள்ளு துரவுக்கு, ஒரு நுள்ளு என் நெற்றிக்கு. வேறு நாளென்றால் பகிடி பண்ணியிருப்பேன். அன்று நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். வேலிக்குப் போய், பக்கத்து வளவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆர் எங்கட துரவுக்குள்ள மருந்து ஊத்தினது? உண்மையைச் சொல்லுங்கோ!"

"உனக்கென்ன, விசரோ? என்ர தாரா முழுக்க உதுக்குள்ளதானே கிடக்குது. என்ர தாராவுக்கு நானே நஞ்சு வைப்பனோ?"

அந்த நேரம் பார்த்து அவவின் தாராக்கள் வேலிக்குக் கீழால் புகுந்து, வாத்து நடை நடந்து, வாலை ஆட்டிக்கொண்டு துரவுக்குள் இறங்கின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாரா சாகவில்லை, அப்போ மருந்தில்லை என்று புத்தி சொல்லியிருக்க வேண்டும். பயம் கணக்குப் பார்க்குமா? நான் கதிரையைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு காகம் செத்த கெண்டையைக் கொத்திக்கொண்டு போய் முருங்கையில் இருந்து தின்றது. அந்தக் காகம் விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். அது தின்று முடித்து, கிளையில் அலகைத் தீட்டிவிட்டு, அடுத்ததற்கு வந்தது.

மத்தியானம் போல்தான் இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை.

அது சாதாரணப் பிள்ளையில்லை. உதைத்து உதைத்து என்னை நித்திரை கொள்ள விடாதது. இடப்பக்கம் சரிந்து படுத்தேன், அசையவில்லை. சீனித் தேத்தண்ணி குடித்தால் துள்ளும், ஆனால் தேத்தண்ணிக்கு எந்தத் தண்ணீரை நம்புவது? கடையில் சோடா வாங்கிவந்து தந்தார்கள். குடித்தேன். வயிற்றில் தட்டினேன், கெஞ்சினேன், "நாயே, ஒருக்கா உதை" என்று ஏசினேன். ஒன்றுமில்லை. அம்மா எதிரில் நிலத்தில் இருந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கொன்றது அந்தப் பார்வைதான்.

அப்பா ஓட்டோ பிடித்தார். மன்னார் ஆஸ்பத்திரிவரை அந்தத் தார் வீதி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வழியெல்லாம் என் கை வயிற்றில், அம்மாவின் கை என் கையில். அம்மாவின் விரல்கள் என் நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தன.

பிரசவ விடுதியில் தாதி மிஸி ஒருவர் வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசிக் கருவியை வைத்தார். முதலில் இரைச்சல். பிறகு டக் டக் டக் டக்.

"உங்கட பிள்ளை நல்ல நித்திரை" என்றார் மிஸி. "நீங்கள்தான் ஊரைக் கூட்டுறியள்."

நான் அழுதேன். மூக்கைத் துடைக்க ஒன்றும் இல்லாமல் அவருடைய சட்டைக் கையிலேயே துடைத்துவிட்டேன். அவர் ஏசவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, "தண்ணியைச் சும்மா விடாதேங்கோ. பீ.எச்.ஐ.யிட்டச் சொல்லிச் சோதிச்சுப் பாருங்கோ" என்றார்.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். துரவிலும் கிணற்றிலும் போத்தல்களில் தண்ணீர் எடுத்தார். கரையில் குந்தி, ஒரு தடியால் அடிச்சேற்றைக் கிளறினார். கறுப்பாகக் கிளம்பி நாறியது.

"ஆரும் மருந்து ஊத்தின மாதிரித் தெரியேல்லை" என்றார். "தவளை நிக்குது, பூச்சி ஓடுது. மழையோட வந்த ஊத்தையெல்லாம் அடியில கிடந்து அழுகியிருக்கு. வெயிலும் இல்லை. அப்பிடி எண்டால் தண்ணிக்குள்ள காத்துக் குறைஞ்சிடும். மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும். எதுக்கும் சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

அப்பாவுக்கு உயிர் வந்தது. "கேட்டியே பிள்ளை? மூச்சு முட்டினது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." அன்றைக்கே சருகை அள்ளினார், சேற்றை வாரிக் கொட்டினார். மறுபடி பெரியமடுவுக்குப் போய் ஒரு வாளி கெண்டைக்குஞ்சோடு வந்தார். வானமும் திறந்தது. சில நாளில் காலையில் அந்தக் குரல் வந்தது: "மீன் நிக்குது!"

அம்மா கேத்திலை வைத்தார். எனக்கும் அந்தக் குரலைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். தவளைகளுக்குத் திரும்பவும் ஏசத் தொடங்கினேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின கிழமை பரிசோதகர் திரும்பி வந்தார். முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தோம். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"நஞ்சு ஒண்டும் இல்லை" என்றார். "நான் சொன்ன மாதிரி மீனுக்கு மூச்சு முட்டினதுதான். ஆனால் கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று எண்ட சாமான் கூட இருக்கு. நல்லாக் கூட. கக்கூசுக் குழி, ஆட்டுக் கொட்டில், பக்கத்து வளவுக் குழி எல்லாத்திலயும் இருந்து மணலுக்குள்ளால ஊறி வாறது. நிறமில்லை, மணமில்லை, ருசியும் மாறாது. இது இண்டைக்கு நேற்று வந்ததாயிருக்காது."

"மீன் நிக்குதே தம்பி!" என்றார் அப்பா. எனக்கு அந்தக் குரல் மறக்காது. வழக்குப் பேசுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல்.

"மீனுக்கு அது ஒண்டும் செய்யாது ஐயா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரிய ஆக்கள் ஓரளவு தாங்குவினம். நீங்கள் இனி இதைக் குடிக்காமல் விடுங்கோ தங்கச்சி. பிறக்கிற பிள்ளைக்கு ஒரு சொட்டும் குடுக்காதேங்கோ. தாய்ப்பால் பிரச்சினையில்லை. பால்மா மட்டும் இந்தத் தண்ணியில கரைக்கவே கூடாது. கைக்குழந்தையின்ர இரத்தம் மூச்சுக்காத்தைக் காவ ஏலாமல் போயிடும். உதடு, நகமெல்லாம் நீலமாகும்."

அம்மா கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனாங்கள்" என்றார்.

"கொதிக்க வைச்சால் கிருமிதான் அம்மா சாகும். இது போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

"நல்லாக் கொதிக்க வைச்சாலும்?"

"ஓம் அம்மா. நல்லாக் கொதிக்க வைச்சால் இன்னும் கெடுதல்."

"நீலமாகுமோ தம்பி?"

"ஓம்."

வந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அப்பா கதிரையை விட்டெழுந்து வேலிப்பக்கம் போய்விட்டார். நான்தான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். பரிசோதகரின் முகம் மாறியது. "அப்பிடிச் சொல்ல ஏலாது அம்மா. அது இதயத்தில வேற வருத்தமாயும் இருந்திருக்கலாம். அந்த நேரம் ஆரும் தண்ணியைச் சோதிக்கேல்லைத்தானே" என்றார். உண்மைதான். யாராலும் சொல்ல முடியாது. அம்மா தலையை ஆட்டினார். கேத்திலில் இருந்த தண்ணீரை முற்றத்து மணலில் மெதுவாக ஊற்றினார். அது உடனே உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயம் முதல் நாள் வந்த பயத்தைப் போல் இல்லை. அன்று கத்தினேன், ஓடினேன், வேலியில் சண்டை பிடித்தேன். இதற்கு என்ன செய்வது? கண்ணாடியாக நிற்கிற தண்ணீர், அதில் துள்ளுகிற மீன், கொக்கு, தும்பி, தாரா. எல்லாம் நல்லாயிருக்கிறது என்று வளவு முழுக்கச் சாட்சி சொல்கிறது. சாட்சி முழுக்கப் பொய். அந்தக் கெண்டைகள் மூச்சு முட்டிச் சாகாமல் இருந்திருந்தால் நாங்கள் போத்தலில் தண்ணீர் எடுத்திருக்கவே மாட்டோம். எனக்குப் பால் வராமல் போயிருந்தால், அம்மா அதே கேத்திலை அதே அடுப்பில் வைத்து, பயத்தில் இன்னும் கொஞ்சம் வற்றக் கொதிக்க வைத்துத் தந்திருப்பார். நானும் கரைத்துக் கொடுத்திருப்பேன்.

அப்பா தானே போய்க் குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தார். அது வரும்வரை கடைத் தண்ணீர். மகள் மார்கழியில் பிறந்தாள், வீடு இரண்டாகக் கத்திக்கொண்டு. நல்ல சுகமாக இருக்கிறாள், வாய் என்னைப்போல. ஆனாலும் அவள் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தால் நான் துவாயை எடுக்குமுன் உதட்டைத்தான் பார்ப்பேன். அம்மா நகத்தைப் பார்ப்பார். அப்பா மீன் நிற்கிறதென்று பிறகு ஒரு நாளும் குரல் கொடுக்கவில்லை.

அவள் பிறக்குமுன் வந்த அந்தக் கல்லறைத் திருநாள்தான் என் மனதைவிட்டுப் போகிறதில்லை. அன்று பின்னேரம் அம்மா வழக்கமான போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளியைத் தொட்டார். இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டு, வெறும் போத்தலை அங்கேயே கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு வந்தார். சேமக்காலைக்குப் போகிற வழியில் கடையில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, மூடி உடைக்காத ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினார்.

சேமக்காலை முழுக்கச் சனமும் மெழுகுதிரியும். அம்மா தம்பியின் கல்லறையடியில் முழங்காலில் இருந்தார். போத்தலின் மூடியைத் திருகினார். ஒரு மிடறு தான் குடித்துப் பார்த்தார். பிறகு சிலுவையின் தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவினார்.

"இது நல்ல தண்ணி ராசா" என்றார். "பயப்பிடாத."

அப்பா மெழுகுதிரியைக் கொளுத்தப் பார்த்தார். நெருப்புக்குச்சி அணைந்து அணைந்து போனது. கடைசியில் நான்தான் வாங்கிக் கொளுத்தினேன்.